ஜப்பான்காரர்களுக்கு இதெல்லாம் யார் கற்றுக்கொடுத்தது?

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் என்னிடம் அதிகம் விசாரிப்பது ஜப்பானியர்களின் ஒழுக்கத்தைப் பற்றித்தான். தெருவில் ஒரு காகிதத் துண்டு கிடக்காதாமே, தொலைந்த பர்ஸ் பணத்தோடு திரும்பி வருமாமே, ரயிலில் யாருமே பேசமாட்டார்களாமே என்று அடுக்குவார்கள். பேச்சு முடிகிறபோது ஒரு தீர்ப்பும் வந்துவிடும்: "அது அவங்க ரத்தத்துலயே ஊறினது. நமக்கெல்லாம் வராது."

இந்தத் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்வதில்லை. நான் குடியிருப்பது டோக்கியோவின் கிழக்குப் பக்கம், எதோகாவா வார்டில். இங்கே நிஷிகசாய் ரயில் நிலையத்தைச் சுற்றி, 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள் குடியேறத் தொடங்கியதிலிருந்து இந்தியர்கள் பெருகிவிட்டார்கள். தமிழ்க் குடும்பங்களும் நிறைய. இங்கே வாழ்ந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: நாம் வாய்பிளந்து பார்க்கும் ஒவ்வொரு பழக்கத்துக்கும் பின்னால் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது பள்ளிக்கூடமாக இருக்கலாம், சட்டமாக இருக்கலாம், தெருச் சங்கமாக இருக்கலாம், ஒரு பெரிய சண்டையாகக்கூட இருக்கலாம். அந்த ஏற்பாட்டுக்கு யாரோ விலையும் கொடுத்திருக்கிறார்கள். ஏற்பாட்டையும் விலையையும் சேர்த்துப் பார்க்காதவரை ஜப்பானியரைக் கும்பிடலாம், கேலி செய்யலாம். புரிந்துகொள்ள முடியாது.

குப்பைக்குப் பின்னால் ஒரு போர்

நம்மவர்கள் இங்கே வந்திறங்கியதும் முதலில் திணறுவது குப்பை விஷயத்தில். வார்டு அலுவலகம் தரும் அட்டவணையைப் பல வீடுகளில் ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டி வைத்திருப்பார்கள். எரியும் குப்பைக்குச் சில கிழமைகள், எரியாததற்கு ஒரு கிழமை, தாள், கண்ணாடி, டின்னுக்கு இன்னொரு கிழமை. எதுவானாலும் காலை எட்டு மணிக்குள் வைத்துவிட வேண்டும்.

ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றித் தனியே போட வேண்டும். மேலே சுற்றியிருக்கும் லேபிளில் புள்ளி புள்ளியாகத் துளையிட்ட கோடு ஒன்று மேலிருந்து கீழாக ஓடும். அதன் முனையைப் பிடித்து இழுத்தால் லேபிள் ஒரே இழுப்பில் முழுசாக வந்துவிடும். பிறகு உள்ளே தண்ணீர் விட்டு அலசி, காலால் மிதித்துத் தட்டையாக்கி, அதற்குரிய நாளில் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். லேபிளில் அந்தக் கோட்டைப் போட்டுக் கொடுத்தது பானம் விற்கிற கம்பெனி. குடிக்கிறவர் பிரித்துப் போட வேண்டுமென்றால் பிரிப்பது சுலபமாக இருக்க வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். இங்கே ஒழுக்கம் என்று நாம் சொல்வதில் பாதி, இப்படி முன்கூட்டியே செய்துவைத்த வசதி.

மீதிப் பாதி கண்கள். தவறான நாளில் வைத்த பையை வண்டி எடுக்காது. காரணம் எழுதிய ஸ்டிக்கர் ஒன்றை அதன்மேல் ஒட்டிவிட்டுப் போய்விடும். யாரும் கதவைத் தட்டிச் சத்தம் போடமாட்டார்கள். பை மட்டும் அங்கேயே கிடக்கும். அதைப் பார்க்காமல் தெருவில் யாரும் அந்தப் பக்கம் கடந்துபோக முடியாது. வண்டி போன பிறகு, காக்கை கொத்தாமல் இருக்கப் போட்ட வலையை மடித்து வைக்கவும், சிந்தியதைப் பெருக்கவும் வீட்டுக்கு வீடு முறை வைத்திருக்கும் தெருக்களும் உண்டு. எண்பது வயது மூதாட்டி குனிந்து அந்த வலையை மடிப்பதைத் தினமும் பார்க்கிறவருக்கு, மறுநாள் கண்டபடி பையை வீசிவிட்டுப் போக மனம் வராது.

இதே டோக்கியோ 1960களில் இப்படி இல்லை. எங்கள் ஊருக்கு முந்திய நிலையம் மினாமிசுனாமாச்சி. அது கோட்டோ வார்டு. நகரத்துக் குப்பையில் பெரும்பகுதி அந்த வார்டு வழியாகப் போய்க் கடலோரத்தில் யுமெனோஷிமா என்ற திட்டில் கொட்டப்பட்டது. 1965 கோடையில் அங்கிருந்து கிளம்பிய ஈக்கள் குடியிருப்புகளுக்குள் படையெடுத்து வந்தன. அதிகாரிகள் குப்பை மேட்டுக்கே தீ வைத்து ஈயை ஒழிக்க வேண்டிவந்தது. 1971இல் டோக்கியோ ஆளுநர் மினோபே ரியோகிச்சி இதற்குக் 'குப்பைப் போர்' என்றே பெயர் வைத்தார். ஒவ்வொரு வார்டும் தன் குப்பையைத் தானே எரிக்கட்டும் என்று முடிவானது. மேற்கே வசதியானவர்கள் வாழும் சுகினாமி வார்டில் எரி ஆலை கட்ட அங்குள்ளவர்கள் விடவில்லை. உங்கள் நாற்றத்தை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று கோட்டோக்காரர்கள் சுகினாமியிலிருந்து வந்த லாரிகளை நடுரோட்டில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் சுகினாமியில் ஆலை வந்தது. அந்த யுமெனோஷிமா இன்று ஒரு பூங்கா. அங்கே வெப்பமண்டலச் செடிகள் வளர்க்கும் கண்ணாடிக் கூடத்துக்குச் சூடு கொடுப்பது பக்கத்திலுள்ள எரி ஆலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் குடும்பங்கள் பிள்ளைகளோடு அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். காலடியில் இருப்பது அன்று ஈ மொய்த்த அதே குப்பை மேடு.

தெருவில் குப்பைத் தொட்டியே இல்லையே என்றும் கேட்பார்கள். 1995 மார்ச் 20 அன்று ஓம் ஷின்ரிக்யோ என்ற கூட்டம் டோக்கியோ சுரங்க ரயில்களில் சரின் நச்சுவாயுவைப் பரப்பிப் பலரைக் கொன்றது. அதற்குப் பிறகு நிலையங்களிலும் பொது இடங்களிலும் தொட்டிகள் பெருமளவு எடுக்கப்பட்டன. தின்பண்டம் சுற்றிய காகிதத்தைப் பையில் மடித்து வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கம் அந்த அச்ச நாட்களில் இன்னும் உறுதிப்பட்டது.

துடைப்பத்துக்குச் சாதி இல்லை

ஆரம்பப் பள்ளியில் மதியச் சாப்பாட்டை வகுப்புக்குக் கொண்டுவந்து பரிமாறுவது பிள்ளைகள்தான். வெள்ளை மேலங்கி, தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க். முறை வரும் பிள்ளை பெரிய பாத்திரத்திலிருந்து கரண்டியால் சூப் ஊற்றும். மற்ற பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும். எல்லோருக்கும் வந்து சேரும்வரை யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். பிறகு துப்புரவு நேரம். ஈரத்துணியால் தரையைத் துடைப்பதும், படிக்கட்டைப் பெருக்குவதும், கழிப்பறையைக் கழுவுவதும் பாடவேளை போலவே நேரம் குறித்து நடக்கும். ஆறு வயதில் தொடங்கி வருஷக்கணக்கில் இதைச் செய்த பிள்ளை, வளர்ந்த பிறகு கால்பந்து மைதானத்தில் தன் இருக்கைக்கு அடியில் கிடப்பதைப் பொறுக்கினால் அதில் அதிசயம் இல்லை.

நம் ஊர்ப் பள்ளிகளில் கழிப்பறை கழுவ வைத்தார்கள் என்று செய்தி வந்தால் எந்தப் பிள்ளைகளைக் கழுவ வைத்தார்கள் என்று பாருங்கள். நமக்குத் துப்புரவு என்பது சிலர் தலையில் பிறப்பால் கட்டப்பட்ட வேலை. அதனால்தான் 'ரத்தத்தில் ஊறியது' என்ற பேச்சும் நம் வாயில் இவ்வளவு எளிதாக வருகிறது. எல்லாப் பிள்ளையின் கையிலும் அதே துடைப்பத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஜப்பானியப் பள்ளி காட்டுகிறது.

ஆனால் ஜப்பான் இந்த நோயை அறியாத நாடு என்று நினைத்துவிடாதீர்கள். தோல் வேலையும் இறைச்சி வேலையும் செய்தவர்களைத் தீட்டென்று தள்ளிவைத்த வழக்கம் இங்கேயும் இருந்தது. 1871இல் அரசாணை போட்டு அந்தப் பிரிவினையை ஒழித்தார்கள். நூறு ஆண்டு கழித்து, 1975இல், அந்த மக்கள் வாழும் ஊர்களின் பட்டியலை ரகசியமாக அச்சடித்து விற்றதும், ஆள் எடுக்கும்போது பார்த்துக் கழிக்கப் பல கம்பெனிகள் அதை வாங்கி வைத்திருந்ததும் வெளியே வந்தது. அந்தப் பாகுபாட்டை ஒழிக்கவென்றே ஒரு சட்டம் 2016இல் தேவைப்பட்டது. பள்ளியில் துடைப்பத்தை எல்லோருக்கும் பொதுவாக்கிய நாடு, கல்யாணத்திலும் வேலையிலும் அந்தச் சமத்துவத்தைக் கொண்டுவர இன்னும் பாடுபட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

தொலைந்த பர்ஸ் ஏன் திரும்பி வருகிறது?

இங்கே தெருமுனைக் காவல் கூடத்துக்குக் கோபான் என்று பெயர். சின்னப் பிள்ளை தெருவில் கண்டெடுத்த பத்து யென் நாணயத்தோடு அங்கே போய் நின்றாலும் காவலர் குனிந்து கேட்பார். எங்கே கிடந்தது, எத்தனை மணிக்கு என்று விசாரித்துப் பெரியவரிடம் நடந்துகொள்வது போலவே நடந்துகொள்வார். பத்து யென்னுக்கு நம் காசில் ஆறேழு ரூபாய்கூடத் தேறாது. அந்தப் பிள்ளை அன்று கற்றுக்கொண்டு போவதற்கு விலை சொல்ல முடியாது.

இதற்கும் சட்டம் உண்டு. தொலைந்த பொருளுக்கான சட்டம் 1899இலேயே வந்துவிட்டது. கண்டெடுத்தவர் ஒப்படைத்தால், உரியவரிடமிருந்து பொருளின் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம்வரை சன்மானம் பெற உரிமை உண்டு. மூன்று மாதம் யாரும் தேடி வராவிட்டால் பணம் கண்டெடுத்தவருக்கே சேரும். அடையாள அட்டை, கைபேசி போன்றவை மட்டும் சேராது. ஒப்படைக்காமல் வைத்துக்கொண்டால் குற்றம். டோக்கியோ காவல் துறைக்கு 2023இல் வந்து சேர்ந்த பொருட்கள் 40 லட்சத்துக்கும் மேல். இத்தனையையும் வாங்கி, குறித்து, அடுக்கி, தேடித் தருகிற அலுவலகம் ஒன்று இல்லாவிட்டால் மக்களின் நேர்மை என்ன செய்துவிட முடியும்? அதே ஜப்பானியர் கடை வாசலில் வைத்த பிளாஸ்டிக் குடையை மழை நாளில் எடுத்துக்கொண்டு போய்விடுவதும் நடக்கிறது. சைக்கிளும் களவு போகிறது. பர்ஸுக்கு இருக்கிற ஏற்பாடு குடைக்கு அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை.

ரயிலின் அமைதிக்கு விலை

எங்கள் ஊர் வழியாகப் போகும் தோசாய் ரயில் பாதையில் கிபா, மொன்சென்நகாச்சோ நிலையங்களுக்கு இடையே 2019இல் காலை நெரிசல் கொள்ளளவில் 199 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதுதான் அதிகம். முன்பின் தெரியாதவரின் மூச்சு கழுத்தில் படுகிற நெருக்கம். உடம்புக்கு இடமில்லாத அந்தப் பெட்டியில் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடிய ஒரே இடம் மௌனம். போனில் பேசாதது, பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வது, கண்ணை மூடிக்கொள்வது எல்லாம் அதற்காகத்தான். உம்மணாமூஞ்சிகள் என்று நம்மவர்கள் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அதே மனிதர்கள் இரவு உணவகத்தில் உட்கார்ந்து சிரிக்கிற சிரிப்பைக் கேட்டுப் பாருங்கள்.

நேரம் தவறாமைக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. 2017இல் ஒரு ரயில் 20 விநாடி முன்னதாகக் கிளம்பியதற்குக் கம்பெனி மன்னிப்புக் கேட்டதை உலகமே பாராட்டிப் பகிர்ந்தது. 2005 ஏப்ரல் 25 அன்று அமகசாகியில் நடந்ததை அந்த அளவுக்கு யாரும் பகிர்வதில்லை. முந்திய நிலையத்தில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்ட 23 வயது ஓட்டுநர், ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான தாமதத்தோடு வந்துகொண்டிருந்தார். வளைவில் வேகம் குறையாமல் ரயில் தடம் புரண்டு அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. அவரோடு சேர்த்து 107 பேர் இறந்தார்கள். தவறு செய்த ஓட்டுநர்களை வண்டியிலிருந்து இறக்கி, நாள்கணக்கில் உட்கார வைத்து, திரும்பத் திரும்ப அறிக்கை எழுதச் சொல்லிக் குன்றிப்போகச் செய்யும் 'மறுபயிற்சி' அவர் வேலை பார்த்த நிறுவனத்தில் அப்போது இருந்தது. அதைப் பற்றிய பயம் அவர் கவனத்தைக் கலைத்திருக்கலாம் என்று விசாரணைக் குழு எழுதியது. விநாடி சுத்தமாக ஓடும் ரயிலை மெச்சும்போது அந்த 107 பேரையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

சாப்பாட்டு மேசையில் சாவு

சில விதிகளுக்குக் காரணம் கேட்டால் சட்டென்று மனதில் ஒட்டிக்கொள்ளும். சாப்பிடும் குச்சியைச் சோற்றில் நட்டுவைக்கக் கூடாது. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றிக்கொள்ளக் கூடாது. முதலாவது, இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில் செய்வது. இரண்டாவது, தகனத்துக்குப் பிறகு செய்வது. உறவினர்கள் இருவர் இருவராக நின்று, குச்சியால் எலும்பை எடுத்துக் கலயத்தில் இடுவார்கள். இறந்தவர் கலயத்துக்குள் நிமிர்ந்து இருக்க வேண்டும் என்பதற்காகக் காலிலிருந்து தொடங்கி மேலே வருவார்கள். நம் ஊரில் காடாற்றன்று எலும்பு பொறுக்கிப் பால் தெளிக்கிறோமே, அதே துயரம், அதே மரியாதை. பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெரியவர்களிடம் இதை ஒருமுறை சொன்னால் போதும். அதற்குப் பிறகு அவர்கள் கை தானாகவே குச்சியைப் பக்கவாட்டில் கிடத்திவிடும்.

தெருச் சங்கமும் வெளியாளும்

எங்கள் பக்கத்தில் தெருச் சங்கத்தின் சுற்றறிக்கை அட்டை வீடு வீடாகப் போகும். திருவிழா எப்போது, தண்ணீர் நிறுத்தம் எப்போது, பேரிடர்ப் பயிற்சி எப்போது என்று அதில் இருக்கும். படித்து முத்திரை குத்தி அடுத்த வீட்டில் சேர்க்க வேண்டும். 1940இல் போர்க்கால அரசு இந்த அண்டைவீட்டுக் குழுக்களை நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. ரேஷன் பங்கிட்டதும் யார் என்ன பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டதும் அவைதான். போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் 1947இல் அவற்றைத் தடை செய்தார்கள். தடை நீங்கியதும் மக்கள் தாங்களாகவே திரும்ப அமைத்துக்கொண்டார்கள். 1995 கோபே நிலநடுக்கத்தில் இடிபாட்டிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தது குடும்பத்தாரும் அண்டைவீட்டாரும்தான். எந்த வீட்டில் யார் எந்த அறையில் படுப்பார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது.

அதே அண்டைவீட்டு ஒற்றுமை 1923இல் வேறு முகம் காட்டியது. கான்டோ பெருநிலநடுக்கத்துக்குப் பிறகு, கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி பரவியது. தெருக்காவல் குழுக்கள் தடியோடு நின்று, உச்சரிப்பைச் சோதித்து, கொரியர்களையும் சீனர்களையும் கொன்றன. எங்கள் கிழக்கு டோக்கியோ ஆற்றங்கரைகளிலும் அது நடந்தது. யொகோஅமிச்சோ பூங்காவில், கொல்லப்பட்ட கொரியர்களுக்காக 1973இல் எழுப்பிய நினைவுக்கல் இருக்கிறது. வெளியாளாக இங்கே வாழும் ஒவ்வொருவரும் ஒருமுறை அங்கே போய் நிற்க வேண்டும்.

வெளியாள் என்ற நிலை இன்றும் கடினம்தான். நீதி அமைச்சகம் 2017இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், வீடு தேடிய வெளிநாட்டவரில் சுமார் 40 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்ற காரணத்துக்காகவே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். தலைவணங்கிப் பணிவாகச் சொன்னாலும் மறுப்பு மறுப்புதான். அதைப் பண்பாடு என்று சொல்லி நியாயப்படுத்த நான் தயாராக இல்லை. 2024 முடிவில் ஜப்பானில் வாழும் வெளிநாட்டவர் 37 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். வயதேறிக்கொண்டே போகும் இந்த நாட்டில் தெருச் சங்கத்தை நடத்தவும் ஆள் குறைந்துவருகிறது. எங்கள் உதவி அவர்களுக்கும் வேண்டும், அவர்கள் கதவு எங்களுக்கும் திறக்க வேண்டும்.

இங்கே வரப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே பலர் சொல்லாமலே பொறுத்துக்கொள்வார்கள், பிறகு கட்டட நிர்வாகிக்குக் கடிதம் போகும். ஆகவே நீங்களே கேளுங்கள்: பிள்ளைகள் ஓடும் சத்தம் கீழே கேட்கிறதா, தாளிக்கிற வாசனை உங்கள் துணியில் ஏறுகிறதா என்று. குடிவந்த வாரமே ஒரு துண்டோ இனிப்போ எடுத்துக்கொண்டு இருபக்கத்து வீட்டு மணியை அடித்து அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அது இங்கே பழைய வழக்கம். இப்போது ஜப்பானியரே பலர் செய்வதில்லை. அதனால் நீங்கள் செய்தால் நினைவில் வைத்துக்கொள்வார்கள். பேரிடர்ப் பயிற்சி நடந்தால் கட்டாயம் போங்கள். சுற்றறிக்கையில் எழுத்து புரியாவிட்டால் அடுத்த வீட்டில் கேளுங்கள். கேட்பதற்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எகிப்து அரசு 2018 முதல் ஜப்பானிய முறைப் பள்ளிகளை நடத்துகிறது. அங்கே பிள்ளைகள் வகுப்பறையைத் தாங்களே பெருக்குகிறார்கள். நைல் நதிக்கரைப் பிள்ளைகளுக்கு வருவது காவிரிக்கரைப் பிள்ளைகளுக்கும் வரும். உங்கள் ஊர்ப் பள்ளியில் துடைப்பம் யார் கையில் இருக்கிறது என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். அது எல்லாப் பிள்ளைகள் கைக்கும், ஆசிரியர் கைக்கும் முறை வைத்து வர வேண்டும் என்று கேளுங்கள். ரத்தத்தைப் பற்றிய பேச்சை அங்கே நிறுத்திவிடலாம்.